பண்டமாற்றுச் செய்யும் பிசின்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று எண்ணுவது உலக வழக்கு. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்தலும், மணலில் ஊறவிட்டு வடித்தலும், துணியிட்டு வடிகட்டுதலும் மக்கள் நெடுங்காலமாக அறிந்த முறைகள். இவற்றால் நீரில் மிதக்கும் மண்ணும் தூசும் நீங்கும். ஆயின், நீரிற் கரைந்து நிற்கும் உப்புகளை இம்முறைகள் நீக்குவதில்லை. ஒரு குவளை நீரில் சிறிது உப்பைக் கரைத்து, அதனை எத்தனை முறை துணியில் வடித்தாலும் உவர்ப்பு மாறாது. உப்பு நீரோடு நீராய்க் கலந்து கண்ணுக்குத் தோன்றாமல் நிற்கின்றது. மழையாய் விழும்போது ஏறத்தாழத் தூயதாக இருக்கும் நீர், நிலத்தின்மேல் ஓடியும் நிலத்தினுள் ஊறியும் வரும் வழியில் பாறைகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் பலவகை உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகின்றது. ஆதலின், பளிங்கு போலத் தெளிந்திருக்கும் ஊற்று நீரும் வேதியியலார் கருத்தின்படி தூய நீர் அன்று.

குடிப்பதற்கு உரிய நீரில் இவ்வுப்புகள் சிறிதளவு இருத்தல் தீங்கன்று. நீருக்குச் சுவை தருவனவும் இவையே. ஆயின், எல்லாத் தொழில்களுக்கும் இந்நீர் ஏற்றதன்று. நாள்தோறும் நீர் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்மையான ஏடு ஒன்று படிந்திருத்தலைப் பலரும் கண்டிருப்பர். அடுக்களைப் பாத்திரத்தில் அதனைச் சுரண்டி எடுத்துவிடலாம். அனல் மின்நிலையத்தின் கொதிகலனில் அவ்வாறு படிந்தால் விளைவு பெரிது. படிந்த ஏடு வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுக்கும். குழாயின் உலோகம் அளவு மிஞ்சிக் காய்ந்து வெடிக்கவும் கூடும்.

இதனினும் நுட்பமான பகை ஒன்று உண்டு. அதுவே சிலிகா. மணலின் பெரும்பகுதி சிலிகாவே. அது சிறிதளவு கரைந்திராத இயற்கை நீரைக் காண்பது அரிது. உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் கொதிகலனில் அது நீராவியோடு கலந்து மேலெழுகின்றது. அந்த ஆவி சுழலியைச் சுழற்றி, அழுத்தம் குறையும் இடத்தை அடைந்ததும், சிலிகா அதனை விட்டுப் பிரிந்து சுழலியின் அலகுகள்மேற் கண்ணாடி போலப் படிகின்றது. படிந்தபின் அதனை எளிதிற் கழுவி நீக்க இயலாது. சுழலியின் திறன் நாளுக்கு நாள் குறையும். எனவே, கொதிகலனுக்குள் செல்லும் நீரில் சிலிகா சிறிதும் நுழையாதபடி காத்தல் இன்றியமையாதது.

நீரைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்துத் தூய நீர் பெறலாம் என்பது உண்மையே. ஆயினும், மின்நிலையம் ஒன்றுக்கு வேண்டும் அளவு நீரை எல்லாம் அவ்வாறு காய்ச்சி வடிப்பதற்கு ஆகும் எரிபொருட் செலவு மிகுதி. காய்ச்சாமலும் கரைந்த பொருள்களை நீரினின்று வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று உண்டா? உண்டு. அந்த வழி வடிகட்டுதல் அன்று, பண்டமாற்று ஆகும். பண்டைக் காலத்தில் உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிச் சென்றனர். அதுபோலவே ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் இயல்புடைய சிறு மணிகளை வேதியியலார் படைத்துள்ளனர். அவற்றுக்கு அயனிப் பரிமாற்றுப் பிசின் என்பது பெயர்.

இப்பண்டமாற்று நடைபெறும் வகையை அறிய, உப்பு நீரிற் கரையும்போது நிகழ்வதை முதலில் அறிதல் வேண்டும். கறியுப்பு நீரிற் கரைந்ததும், அதிலுள்ள சோடியமும் குளோரினும் தனித்தனியே பிரிந்து, மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாய் நீரில் உலவுகின்றன. இத்துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அயனிகள் நேர்மின் ஊட்டம் உடையவை; குளோரைடு, சல்பேட், நைட்ரேட், பைகார்பனேட் ஆகிய அயனிகள் எதிர்மின் ஊட்டம் உடையவை. சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியசு இக்கொள்கையை 1887-ஆம் ஆண்டில் விளக்கமாக வெளியிட்டார். எந்த நீரிலும் நேர்மின் ஊட்டத்தின் மொத்தமும் எதிர்மின் ஊட்டத்தின் மொத்தமும் சமமாகவே இருக்கும். ஆகையால், ஒரு வகை அயனியை மட்டும் நீரிலிருந்து தனியே பறித்தெடுக்க இயலாது. ஓர் எதிர்மின் அயனியை வாங்க வேண்டுமாயின், வேறோர் எதிர்மின் அயனியை ஈடாகக் கொடுத்தே ஆகவேண்டும். இதுவே இச்சந்தையின் நீங்கா விதி.

இப்பரிமாற்றத்தை மனிதன் முதன்முதல் ஆய்ந்து கண்ட இடம் உழுநிலம் ஆகும். இங்கிலாந்தில் தாம்சன் என்னும் நிலவுடைமையாளர் உரத்தைப் பற்றி ஆராய்ந்தார். அவர் அம்மோனியம் சல்பேட் கலந்த மண்ணின் வழியே நீரைச் செலுத்தினார். கீழே வடிந்த நீரில் இருந்தது கால்சியம் சல்பேட்! மண், அம்மோனியத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன்னிடமிருந்த கால்சியத்தை வெளியிட்டிருந்தது. வே என்னும் வேதியியலார் இதனை மேலும் விரிவாக ஆய்ந்தார். இவ்விருவரின் கட்டுரைகளும் 1850-ஆம் ஆண்டில் வெளிவந்தன. மண்ணிற் சென்ற பொருள் மீண்டு வாராது என்றே வே கருதினார். ஆயின், ஐக்கார்ன் என்னும் செருமானிய அறிஞர், தகுந்த கரைசலைச் செலுத்தினால் பிடிபட்ட பொருள் மீண்டும் வெளிவரும் என்று 1858-ஆம் ஆண்டில் காட்டினார். பரிமாற்றம் இருவழிப் பாதை என்பது அன்று தெளிவாயிற்று. பிற்காலத்தில் எழுந்த தொழில் முழுவதற்கும் இவ்வுண்மையே அடிப்படை.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான மண் எதிர்மின் ஊட்டம் உடையது. ஆதலின் அது அம்மோனியம், கால்சியம் முதலிய நேர்மின் அயனிகளையே பற்றிக்கொள்ளும்; நைட்ரேட், சல்பேட் முதலிய எதிர்மின் அயனிகளைப் பெரும்பாலும் பற்றாது விட்டுவிடும். வயலில் இடும் உரத்திலிருந்து தோன்றும் நைட்ரேட், பயிர் உண்டது போக, மழை நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்வதற்கு இதுவே காரணம். இயற்கை செய்யாது விட்ட இப்பாதி வேலையைச் செய்ய வந்ததே எதிர்மின் அயனிப் பரிமாற்றுப் பிசின் எனலாம்.

அது தோன்றுவதற்கு நெடுநாள் சென்றது. 1905-ஆம் ஆண்டளவில் செருமனியில் கான்சு என்பவர் செயற்கையான சிலிகேட்டுப் பொருளைச் செய்து, அதனைக் கொண்டு கடின நீரை மென்னீராக்கினார். அப்பொருள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுத்தது. சவர்க்காரம் நன்கு நுரைத்தது. கொதிகலனிற் படியும் ஏடும் குறைந்தது. எனினும், நீரிலிருந்த உப்பின் அளவு குறையவில்லை. அதன் வகைதான் மாறியது. 1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெடிங்டன் நகரில் இருந்த வேதி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆடம்சு, ஓம்சு என்னும் இருவர் செயற்கைப் பிசின்களைக் கொண்டு இருவகை அயனிகளையும் பரிமாற்ற இயலும் என்று கண்டனர். ஒரு பிசின் நேர்மின் அயனிகளை வாங்கியது. மற்றொன்று எதிர்மின் அயனிகளை வாங்கியது. காய்ச்சாமலே நீரின் உப்பை அகற்றும் வழி அன்று திறந்தது.

ஆயினும், அவ்வழியில் ஒரு தடை இருந்தது. அக்காலத்து எதிர்மின் அயனிப் பிசின்கள் வலிமை குறைந்தவை. கந்தக அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வல்லமிலங்களை மட்டுமே அவை ஏற்றன. கார்பானிக் அமிலமும் சிலிசிக் அமிலமும் மிக மெல்லிய அமிலங்கள். அவற்றை அப்பிசின்கள் ஏற்கவில்லை. சுழலியின் பகையாகிய சிலிகா, காவலைத் தாண்டி உள்ளே சென்றுகொண்டே இருந்தது.

இத்தடையை நீக்கியவர்கள் அமெரிக்க வேதியியலார். சுடைரீன் என்னும் நீர்மத்தையும் டைவினைல் பென்சீன் என்னும் நீர்மத்தையும் சேர்த்துத் திரளச் செய்து, உறுதியான சிறு உருண்டைகளை ஆக்கலாம் என்பதும், அவ்வுருண்டைகளிற் பரிமாற்றும் தொகுதிகளைப் பிணைக்கலாம் என்பதும் டி அலெலியோ என்பவரால் அறியப்பட்டன. 1944-ஆம் ஆண்டில் அவருக்கு இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் ஆக்கியது நேர்மின் அயனிகளை வாங்கும் பிசின். அதே உருண்டைகளில், மக்பர்னி என்பவர் குளோரோமெத்தில் என்னும் தொகுதியைச் சேர்த்து, பின்னர் அதனை டிரைமெத்தில் அமீனோடு வினைபுரியச் செய்தார். 1952-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இம்முறையே வல்லெதிர்மின் அயனிப் பிசினின் பிறப்பு. இப்பிசினில் நிலையாகப் பதிந்த நைட்ரசன் அணு, நீரின் தன்மை எவ்வாறு மாறினும் தன் நேர்மின் ஊட்டத்தை இழப்பதில்லை. அதனருகே ஹைட்ராக்சைடு அயனி ஒன்று காத்து நிற்கின்றது. சிலிசிக் அமிலம் போன்ற மெல்லிய அமிலமும் அந்த ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து அயனியாகிப் பிசினிற் பிடிபடுகின்றது. இதனாலேயே இப்பிசினுக்கு 'வல்' என்னும் அடைமொழி வாய்த்தது.

இந்நன்மைக்கு மனிதர் கொடுத்த விலை ஒன்றையும் மறத்தல் கூடாது. குளோரோமெத்தில் தொகுதியைச் சேர்ப்பதற்குப் பயன்பட்ட ஈதர் வகைப் பொருளோடு, கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த மற்றோர் ஈதரும் கலந்திருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் நுரையீரற் புற்றுநோய்க்கு ஆளாயினர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வேதித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியோரை ஆய்ந்த மருத்துவர்கள் இவ்வுண்மையை 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டு அரசு அப்பொருள்களைக் கையாளுதற்குக் கடுமையான விதிகளை வகுத்தது. ஆக்கி முடித்த பிசின் தீங்கற்றது. அதனை ஆக்கும் வழியிலேதான் தீங்கு இருந்தது. பிறர் பருகும் நீரும் பிறர் எரிக்கும் விளக்கும் தூய்மையாய் அமைவதற்கு, முகம் அறியாத தொழிலாளர் தம் மூச்சையே ஈந்துள்ளனர்.

இனி, இப்பிசினின் தோற்றத்தைக் காண்போம். வல்லெதிர்மின் அயனிப் பிசின் மணி, கேழ்வரகு மணியினும் சிறியது; குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டது. வெளிர்மஞ்சள் நிறமோ பழுப்பு நிறமோ உடையது. நீரிற் கரையாது. தொட்டால் உறுதியாகத் தோன்றினும், அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. உள்ளே நீண்ட இழைகள் வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. அவ்வலையின் கண்கள் வழியே நீரும் அயனிகளும் சென்று திரும்புகின்றன. வலையிற் பதிந்த நேர்மின் தொகுதிகள் நகரா. அவற்றைச் சார்ந்து நிற்கும் எதிர்மின் அயனிகள் மட்டுமே இடம் மாறும். ஒரு லிட்டர் பிசின் ஏறத்தாழ 40 கிராம் குளோரைடு அயனிகளைத் தாங்கவல்லது.

மின்நிலையங்களில் நீரைத் தூய்மை செய்யும் முறை பின்வருமாறு. முதலில் நீர், நேர்மின் அயனிகளை வாங்கும் பிசின் நிறைந்த உயரமான கலத்தின் வழியே இறங்குகின்றது. அங்குச் சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவை பிடிபடுகின்றன. அவற்றுக்கு ஈடாக ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருகின்றன. இப்போது நீர் அமிலத்தன்மை அடைகின்றது. பைகார்பனேட் கரியமில வாயுவாக மாறுகின்றது. காற்றை ஊதி அவ்வாயுவை வெளியேற்றுவர். அடுத்து நீர், வல்லெதிர்மின் அயனிப் பிசின் நிறைந்த கலத்தை அடைகின்றது. அங்குக் குளோரைடும் சல்பேட்டும் எஞ்சிய கரியமிலமும் சிலிகாவும் பிடிபட, ஹைட்ராக்சைடு அயனிகள் வெளிவருகின்றன. முதற்கலம் தந்த ஹைட்ரஜனும் இரண்டாம் கலம் தந்த ஹைட்ராக்சைடும் கூடினால் ஆவது யாது? நீரே! ஆகவே, இப்பண்டமாற்றில் உப்பை வாங்கிக்கொண்டு ஈடாகத் தரும் பொருளும் நீராகவே அமைகின்றது. கலங்களின் வரிசையை மாற்றுதல் ஆகாது. கடின நீர் முதலில் ஹைட்ராக்சைடைச் சந்தித்தால், மக்னீசியமும் கால்சியமும் கரையாத பொருள்களாய்த் திரண்டு பிசின் மணிகளை மூடிவிடும்.

இவ்விருவகை மணிகளையும் ஒரே கலத்திற் கலந்து வைப்பதும் உண்டு. அது கலப்புப் படுகை எனப்படும். அதிற் செல்லும் நீர், ஆயிரக்கணக்கான சிறு கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தது போன்ற தூய்மை அடைகின்றது. தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. முழுத்தூய்மை பெற்ற நீரில், ஒவ்வொரு புறமும் ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மின்தடை, 25 பாகை சென்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு கோடியே எண்பது இலட்சம் ஓம் அளவினது. மின்னணுக் கருவிகளுக்கு உரிய நுண்சில்லுகளைச் செய்யும் ஆலைகளில் இத்தகைய நீரே வேண்டப்படுகின்றது. கலந்து கிடக்கும் இருவகை மணிகளையும் மீண்டும் பிரிப்பது எங்ஙனம்? எதிர்மின் அயனிப் பிசின் மணிகள் எடை குறைந்தவை. கீழிருந்து நீரை மேல்நோக்கிச் செலுத்தினால், அவை மேலே எழுந்து தனிப்படுகையாய் அமையும். மற்றவை கீழே தங்கும். முறத்திற் புடைக்கும்போது பதரும் நெல்லும் பிரிவது போன்றது இது.

பிசின் கொடுப்பதற்கு வைத்திருந்த ஹைட்ராக்சைடு தீர்ந்ததும் பண்டமாற்று நின்றுவிடும். அப்போது அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. நூற்றுக்கு 4 பங்கு அளவிற் காஸ்டிக் சோடா கரைத்த நீரை அதன் வழியே செலுத்துவர். பிசினுக்குக் குளோரைடின்மேலும் சல்பேட்டின்மேலும் விருப்பு மிகுதி. ஹைட்ராக்சைடின்மேல் விருப்பு குறைவு. எனினும், ஹைட்ராக்சைடு பெருந்திரளாய் வந்து நெருங்குவதால், பிடிபட்டிருந்த அயனிகள் இடம்விட்டு நீங்குகின்றன. விருப்பை எண்ணிக்கை வெல்கின்றது. ஐக்கார்ன் கண்ட இருவழிப் பாதை இதுவே. இவ்வாறு புதுப்பித்துப் புதுப்பித்து, நன்கு பேணிய பிசினைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

அயனிகள் எல்லாவற்றையும் பிசின் ஒரே அளவில் விரும்புவதில்லை என்பது இங்குப் புலனாகும். இவ்வேறுபாடே பொருள்களைப் பிரித்தெடுக்கும் கலைக்கு அடிப்படையாயிற்று. அமெரிக்காவின் ஓக் ரிட்சு ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கிராசு, மூர் என்னும் இருவர், நிக்கல், மாங்கனீசு, கோபால்ட், செம்பு, இரும்பு, துத்தநாகம் ஆகிய ஆறு உலோகங்களும் கலந்த கரைசலை எடுத்துக்கொண்டனர். செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இவ்வுலோகங்களுட் பல குளோரைடுகளோடு சேர்ந்து எதிர்மின் அயனிகளாய் மாறுகின்றன. நிக்கல் மட்டும் அவ்வாறு மாறுவதில்லை. ஆதலின், வல்லெதிர்மின் அயனிப் பிசின் நிறைந்த குழாயில் அக்கரைசலை ஊற்றியதும் நிக்கல் நில்லாது வெளியேறிற்று. பின்னர் அமிலத்தின் செறிவைப் படிப்படியாகக் குறைத்து ஊற்ற, மாங்கனீசும் கோபால்ட்டும் செம்பும் இரும்பும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஏறத்தாழ வெறும் நீரையே ஊற்றியபோது துத்தநாகம் இறுதியாக நீங்கியது. 1953-ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, வேதியியல் மாணவர்க்கு இன்றும் பாடமாக விளங்குகின்றது.

ஆய்வுக்கூடத்துக் குழாயில் நிகழ்ந்தது சுரங்கத்தின் வாயிலிலும் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்சிராண்டு பகுதியில் பொன் எடுத்தபின் எஞ்சிய மண்ணில் சிறிதளவு யுரேனியம் உண்டு. அம்மண்ணைக் கந்தக அமிலத்திற் கரைத்தால், யுரேனியம் சல்பேட்டோடு சேர்ந்து எதிர்மின் அயனியாகின்றது. உடன் கரையும் பிற உலோகங்கள் பெரும்பாலும் அவ்வாறு ஆவதில்லை. எனவே, அக்கரைசலைப் பிசின் வழியே செலுத்தினால் யுரேனியம் பிடிபட, மற்றவை பெரும்பாலும் கடந்து செல்கின்றன. இம்முறையில் இயங்கும் ஆலை அந்நாட்டில் 1952-ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்தியாவில், இன்றைய சார்க்கண்டு மாநிலத்தைச் சேர்ந்த சாதுகுடாவில் 1960-களின் இறுதியில் எழுந்த ஆலையும் இம்முறையையே கையாண்டது. அங்குள்ள தாதுவில் யுரேனியம் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அத்துணைச் சிறிய பங்கையும் திரட்டித் தருவது இப்பிசினின் விருப்பே ஆகும்.

இதே விருப்பு குடிநீரைக் காக்கவும் பயன்படுகின்றது. கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்தால், அந்நீரில் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் காம்லி இதனை 1945-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியாவில் குடிநீருக்கு வகுத்த அளவு. நைட்ரேட்டைக் காய்ச்சி நீக்க இயலாது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி, அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது. கலிபோர்னியாவின் மக்பார்லண்டு என்னும் வேளாண் சிற்றூரில், கிணற்று நீரின் நைட்ரேட்டை நீக்குதற்கு வல்லெதிர்மின் அயனிப் பிசின் நிலையம் 1983-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அங்குப் பிசினை ஹைட்ராக்சைடு வடிவில் வைப்பதில்லை. கறியுப்புக் கரைசலால் அதனைக் குளோரைடு வடிவில் வைப்பர். பிசின் குளோரைடைக் கொடுத்து நைட்ரேட்டை வாங்கிக்கொள்ளும்.

ஆயின், இங்கே ஓர் இடர் மறைந்திருக்கின்றது. குடிநீரில் சல்பேட்டும் இருக்கும். சாதாரண வல்லெதிர்மின் அயனிப் பிசினுக்கு நைட்ரேட்டினும் சல்பேட்டின்மேலேயே விருப்பு மிகுதி. பிசினில் இடம் உள்ளவரை இரண்டையும் ஏற்கும். இடம் தீர்ந்த பின்னும் நீரைச் செலுத்தினால், புதிதாக வரும் சல்பேட், முன்பே பிடிபட்டிருந்த நைட்ரேட்டைத் தள்ளிவிட்டுத் தான் அமரும். பல நாள் திரட்டி வைத்த நைட்ரேட் ஒருங்கே வெளிவரும். அப்போது உள்ளே சென்ற நீரைக் காட்டிலும் வெளிவரும் நீரிலேயே நைட்ரேட் மிகுந்திருக்கும்! காவலனே பகைவனாகும் நேரம் அது. கண்ணாலும் நாவாலும் அதனை அறிய முடியாது. ஆகையால், உரிய காலத்தில் நீரைச் சோதித்தலும், இடம் தீருமுன்னரே பிசினைப் புதுப்பித்தலும் கட்டாயம் ஆகும். டிரைமெத்தில் அமீனுக்குப் பதிலாகப் பெரிய தொகுதிகள் உள்ள அமீன்களைப் பிணைத்து, நைட்ரேட்டையே மிகுதியாக விரும்பும் பிசின்களையும் பின்னர் ஆக்கியுள்ளனர். கொதிகலன் நீரிலும் இவ்விழிப்பு வேண்டும். பிசினின் இடம் தீருங்கால் எல்லாவற்றுக்கும் முன்னே நழுவுவது சிலிகா. மின்கடத்தும் அளவு வெளிப்படையாக உயருமுன்னரே அது வெளிவந்துவிடும். ஆதலின் அதனைத் தனியே சோதித்தறிதல் வேண்டும்.

எல்லா நோய்க்கும் ஒரு மருந்து இல்லாமை போல, எல்லா மாசுக்கும் இப்பிசின் தீர்வாகாது. மின்னூட்டம் இல்லாத பொருளை அது பண்டமாற்றில் வாங்குவதில்லை. கிருமிகளை அது கொல்லாது. புளூரைடின்மேல் அதற்கு விருப்பு மிகக் குறைவு. ஆதலின் புளூரைடு மிகுந்த ஊர்களில், படிகாரமும் சுண்ணாம்பும் இடும் நல்கொண்டா முறை போன்ற வேறு வழிகளை நாடுகின்றனர். வெப்பத்தையும் இப்பிசின் மிகுதியாகத் தாங்காது. ஹைட்ராக்சைடு வடிவில் 60 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்டால், பிணைந்த அமீன் மெல்ல மெல்லப் பிரிந்து மீன் நாற்றம் வீசும்.

இவை எல்லாவற்றினும் கருதத்தக்கது மற்றொன்று. பிசின் எந்தப் பொருளையும் அழிப்பதில்லை. நீரிலிருந்து வாங்கிய நைட்ரேட், பிசினைப் புதுப்பிக்கும் உப்பு நீரில் மீண்டும் வெளிவந்து நிற்கின்றது. முன்னினும் செறிவாகவும் நிற்கின்றது. அந்த உவர்நீரை ஓடையிலோ வெற்று நிலத்திலோ கொட்டினால், ஓர் ஊரின் கிணற்றைக் காத்து வேறோர் ஊரின் கிணற்றைக் கெடுத்ததாகும். மண் பற்றாது விட்ட நைட்ரேட் மீண்டும் மண்ணின் வழியே இறங்கிச் செல்லும். ஆகவே, தூய்மை செய்யும் நிலையம் ஒன்றை அமைப்போர், தூய நீர் செல்லும் குழாயை மட்டுமன்றிக் கழிவு நீர் செல்லும் குழாயையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

கேழ்வரகினும் சிறிய இம்மணி, தன் விதியினின்று ஒருநாளும் வழுவாது. கொடுத்த அளவுக்கே வாங்கும். வாங்கிய அளவுக்கே கொடுக்கும். வாங்கியதை எங்கே சேர்ப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அது அறியாது. அவற்றை அறிந்து செய்வது மனிதன் கடமை.